பழகிய கைக்குப் பாடம்

ஒரு மனிதன் பிறந்த தேதியைக் கேட்டு, அவன் கையிலிருக்கும் துப்பாக்கியால் பிறருக்கு அபாயம் உண்டா இல்லையா என்று நிர்ணயிக்கிற விசித்திரமான சாஸ்திரம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் வழங்குகிறது. நம்மூர் ஜோதிடர்கள் கேள்விப்பட்டால் மகிழ்ந்துபோவார்கள்; ஆனால் அது ஜோதிடமன்று, சட்டம். டெக்ஸாஸ் ராஜ்யத்தில் 1971 செப்டம்பர் 2ஆம் தேதியன்றோ அதற்குப் பின்போ பிறந்த ஒருவர் வேட்டையாட விரும்பினால், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் பயின்று தேறியதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அதற்கு ஒரு நாள் முந்திப் பிறந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. கொலராடோவில் இந்த எல்லைக்கோடு 1949 ஜனவரி 1. விஸ்கான்ஸினில் 1973 ஜனவரி 1. இப்படி ராஜ்யத்துக்கு ஒரு தேதியாக, கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர் மாணாக்கர் என்றும் அந்தப் பக்கம் பிறந்தவர் அனுபவசாலி என்றும் சட்டம் வகுத்து வைத்திருக்கிறது.

இதனால் விளையும் வேடிக்கைகள் கொஞ்சமல்ல. 1960இல் பிறந்த டெக்ஸாஸ்காரர் ஒருவரை மனத்தில் கொள்வோம். பத்து வயதில் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தவர். அன்றிலிருந்து ஒரு பருவமும் தவறாமல் மான் வேட்டையாடியவர். சொந்த ராஜ்யத்தில் அவரை யாரும் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. அறுபது பிராயம் கடந்தபின், ராக்கி மலைச்சாரலில் எல்க் மான் வேட்டையாட வேண்டும் என்ற நெடுநாள் ஆசையோடு கொலராடோவுக்கு விண்ணப்பம் எழுதும்போதுதான், தாம் இன்னும் பயிற்சி பெறாத மனிதர் என்ற சமாசாரம் அவருக்குத் தெரியவருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, குழல்வாயை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவரும் விடையெழுத வேண்டியிருக்கிறது. “ஐம்பது வருஷமாகக் காட்டில் திரிகிறேன், எனக்கா பாடம்?” என்று அவர் கேட்பதில் ஆச்சரியம் என்ன? அந்நாட்டு வேட்டைக்காரர்கள் நாலு பேர் கூடுமிடத்தில் ஓயாமல் நடக்கும் தர்க்கம் இது. அதில் ஒரு பக்கம் பேசுவதற்கு முன்னால், இந்த வகுப்பு எப்படித் தோன்றியது, கிழவர்களுக்கு விலக்கு எப்படி வந்தது என்ற கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்கர்களின் வேட்டைச் சுதந்திரம் இங்கிலாந்தின் அரச வனங்களுக்கு மாறாக வளர்ந்த ஒன்று. நார்மானிய மன்னனாகிய முதலாம் வில்லியம் 1079 வாக்கில் நியூ பாரஸ்ட் என்னும் காட்டைத் தன் வேட்டைக்கென்று ஒதுக்கிக்கொண்டு, அங்கே மானைத் தொட்ட குடியானவனுக்குக் கொடிய தண்டனைகளை ஏற்படுத்தி வைத்தான். அந்த நினைவைச் சுமந்துகொண்டு கடல் கடந்து வந்தவர்களுடைய சந்ததியார், காட்டு விலங்கு எந்தப் பிரபுவின் சொத்துமன்று, அது ஜனங்கள் அனைவருக்கும் பொது என்ற கொள்கையைத் தங்கள் புதிய நாட்டின் தர்மமாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஆகவே, வேட்டையாட ஒருவனுக்கு யோக்கியதை இருக்கிறதா என்று சர்க்கார் பரீட்சை வைப்பதென்பது அவர்கள் காதில் பழைய அரசனுடைய குரலாகவே ஒலித்தது. வேட்டை அனுமதிச் சீட்டு என்ற ஒன்று வந்தபோதுகூட, அது காசு கொடுத்து வாங்கும் சீட்டாக இருந்ததேயன்றி, கற்றதற்குச் சான்றாக இருக்கவில்லை. வித்தையைக் கற்பிக்கும் பொறுப்பு தகப்பனுக்கும் மாமனுக்கும் உரியதாயிருந்தது.

அந்தக் கல்வியில் ஏதோ குறை இருந்தது என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் ராணுவத்தார். உள்நாட்டு யுத்தத்தில் வடபகுதிச் சிப்பாய்கள் குறிபார்த்துச் சுட்ட லட்சணத்தைக் கண்டு மனம் நொந்த அதிகாரிகள் இருவர், வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் என்போர், 1871இல் நியூயார்க்கில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தை நிறுவினார்கள். பிற்காலத்தில் துப்பாக்கிச் சட்டம் எதையும் எதிர்ப்பதே தொழிலாகக் கொண்டுவிட்ட அச்சங்கம், சுடத் தெரியாதவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே பிறந்தது என்பதை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து லட்சக்கணக்கான இளைஞர்கள் வீடு திரும்பினார்கள். கையில் ஓய்விருந்தது, மோட்டார் வண்டி இருந்தது, ஆயுதப் பழக்கமும் இருந்தது. இலையுதிர் காலத்தில் காடுகள் நிரம்பி வழிந்தன. ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் விபத்துகளும் பெருகின. இந்நிலையில், 1949ஆம் ஆண்டு நியூயார்க் ராஜ்யம் முதன்முதலாக, வேட்டை அனுமதி கேட்கும் இளவயதினர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பாடத்தைத் தயாரித்துக் கொடுத்தது மேலே சொன்ன துப்பாக்கிச் சங்கமே. கற்பித்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பெரும்பாலும் ஊரில் நல்ல பெயரெடுத்த வயதான வேட்டைக்காரர்கள்.

பிற ராஜ்யங்களும் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தன. பணம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான விஷயம். நெவாடாவின் செனட்டர் கீ பிட்மன், வர்ஜீனியாவின் பிரதிநிதி வில்லிஸ் ராபர்ட்ஸன் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் 1937ஆம் வருஷத்துச் சட்டம், வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கும் வரியை வனவிலங்குப் பராமரிப்புக்கென்று ஒதுக்கியிருந்தது. 1970இல் அதைத் திருத்திக் கைத்துப்பாக்கிகளுக்கும் 10 சதவீத வரியைச் சேர்த்து, அந்த வருமானத்தில் பாதியை வேட்டைப் பயிற்சிக்கும் சுடுகளங்களுக்கும் செலவிடலாம் என்று வழிசெய்தார்கள். ஆக, துப்பாக்கி வாங்குகிற ஒவ்வொருவனும், வகுப்புக்குப் போகாவிட்டாலும், வகுப்புக்குரிய கட்டணத்தில் ஒரு பங்கைச் செலுத்தியவனாகிறான்.

இனி விலக்கின் கதைக்கு வருவோம். ஒரு ராஜ்யத்தில் பயிற்சியைக் கட்டாயமாக்கும் மசோதா வந்தால், சபையில் எழும் முதற் கேள்வி, ஏற்கெனவே வேட்டையாடி வருகிற ஆயிரமாயிரம் வாக்காளர்களை என்ன செய்வது என்பதுதான். அவர்கள் எல்லோரையும் ஒரே வருஷத்தில் உட்காரவைக்க வகுப்பறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. உட்காரச் சொல்லும் துணிச்சல் எந்தப் பிரதிநிதிக்கும் இல்லை. எனவே கதவை அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களை அப்படியே விட்டு, இனி வருபவர்களை மட்டும் வாசலில் நிறுத்திக் கேட்பதென்று தீர்மானித்தார்கள். தேதிகளின் ரகசியமும் இதுவே. விஸ்கான்ஸினில் பயிற்சி கட்டாயமான வருஷம் 1985. 1973இல் பிறந்த பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது, அதாவது துப்பாக்கி ஏந்தச் சட்டம் இடங்கொடுக்கும் வயது. டெக்ஸாஸில் 1988இல் கட்டாயமாயிற்று. அப்போது பதினேழு வயது நிரம்பியிருந்தவர்களை விட்டுவிட்டார்கள். பதினேழு வயதுப் பையனுக்கு என்ன அனுபவம் என்று யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியையே தொட்டிராத நாற்பது வயதுக்காரனும் அதே விலக்குக்கு உரியவனானான். அனுபவத்துக்குக் காட்டிய மரியாதை என்று இதைச் சொல்வது உபசார வார்த்தை. உண்மையில் இது வயதுக்குக் காட்டிய சலுகை, அதாவது வாக்குச்சீட்டுக்குக் காட்டிய சலுகை.

இத்தகைய விலக்குக்கு அமெரிக்கர்கள் வழங்கும் பெயர் ‘தாத்தா ஷரத்து’ என்று பொருள்படுவது. கேட்பதற்குச் செல்லமாக இருக்கிற இந்தப் பெயரின் பிறப்பு அவ்வளவு அழகானதன்று. அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் வாக்களிக்காதபடி தடுப்பதற்காக எழுத்தறிவுப் பரீட்சையை ஏற்படுத்திய தென்பகுதி ராஜ்யங்கள், அதே பரீட்சையில் எழுதப்படிக்கத் தெரியாத வெள்ளையர்களும் அகப்பட்டுக்கொள்வதைக் கண்டு, 1867க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் மக்களுக்கும் பேரர்களுக்கும் பரீட்சை வேண்டியதில்லை என்று விதித்தன. லூயிஸியானா 1898இல் அப்படிச் செய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் இவ்வகைச் சட்டத்தைச் செல்லாததென்று தள்ளியது. வேட்டைச் சட்டத்து விலக்கில் அந்தக் கொடுமை கிடையாது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் பரீட்சை பொதுநன்மைக்கானது என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து தங்கள் மனிதர்களை மட்டும் பிறப்பைக் காரணம் காட்டி நீக்கிக்கொள்ளும் யுக்தி இரண்டிலும் ஒன்றே.

வகுப்பினால் பலன் உண்டாயிற்றா? உண்டாயிற்று என்றே சொல்ல வேண்டும். விஸ்கான்ஸினில் 1966ஆம் ஆண்டு, 1 லட்சம் வேட்டைக்காரர்களுக்கு 44 பேர் என்ற விகிதத்தில் குண்டடி பட்டார்கள். அடுத்த வருஷம் விருப்பமுள்ளவர்களுக்கென்று வகுப்பு ஆரம்பமாயிற்று. இன்று அந்த விகிதம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தப் புகழ் முழுவதையும் வகுப்பறைக்கே சூட்டிவிடுவது நியாயமாகாது. 1980இல் அந்த ராஜ்யம் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பளீரென்ற செம்மஞ்சள் நிற உடை அணிய வேண்டும் என்று கட்டளையிட்டது. மனிதன் கண்ணில் தீப்போல் எரியும் அந்த நிறம் மானின் கண்ணுக்கு மங்கலாகவே படுவதால், வேட்டைக்கும் குறைவில்லை, உயிருக்கும் காவலாயிற்று. பலரைக் காப்பாற்றியது பாடமா சட்டையா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: சட்டையைக் கிழவர்களும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பிறந்த தேதியை யாரும் கேட்கவில்லை.

‘அனுபவமே போதிய கல்வி’ என்ற வாதத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். அனுபவத்தின் மேன்மையை மறுப்பவன் அல்லன் நான். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, குளம்பின் சுவடு எத்தனை நாழிகைக்கு முந்தியது, எங்கே பரண் கட்டினால் எந்த வழியாக மிருகம் வரும் என்பதையெல்லாம் எந்தப் புத்தகமும் அவ்வளவு நன்றாகச் சொல்லித் தராது. ஆனால் அனுபவம் கற்பிப்பது மிருகத்தை வீழ்த்தும் வித்தையை. மனிதனைத் தவிர்க்கும் வித்தை அதனோடு தானாக வந்து சேருவதில்லை. ஆயிரம் முறை கவனக்குறைவாக வேலி தாண்டி ஒருமுறையும் துப்பாக்கி வெடிக்காதவன், தான் ஜாக்கிரதைக்காரன் என்றே நம்புகிறான். அவன் கற்ற பாடம், ஜாக்கிரதை அவசியமில்லை என்பதே.

நம் தேசத்தில் இந்த உண்மையை விளக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் இலக்கைக் காணாமலே அம்பு தொடுத்து வீழ்த்தும் அரிய வித்தையில் தேர்ந்தவன் தசரதன். இருளில் நீர்த்துறையிலிருந்து எழுந்த ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசையென்று கொண்டு அவன் எய்த அம்பு, கண்ணிழந்த தாய்தந்தையருக்காகத் தண்ணீர் மொண்ட முனிகுமாரன் மார்பில் பாய்ந்தது. அன்றைக்கு அந்த இடத்தில் வில்லைப் புதிதாகப் பிடித்த ஒருவன் நின்றிருந்தால், முதலாவது இருட்டில் எய்யத் துணிந்திருக்கமாட்டான். துணிந்திருந்தாலும் அம்பு எங்கேயோ போய் விழுந்திருக்கும். பிள்ளை பிழைத்திருப்பான். அரசனுடைய சாமர்த்தியமே அவனுக்குச் சாபமாய் முடிந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே ஆனையென்று நினைத்ததிலேயே அடி சறுக்கியது.

மேலே சொன்ன நியூ பாரஸ்ட் காட்டிலும் இப்படியொரு கதை உண்டு. அதை உண்டாக்கிய மன்னனுடைய மகன் இரண்டாம் வில்லியம், 1100ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி அங்கே வேட்டையாடுகையில், உடன் வந்தவர்களில் ஒருவன் எய்த அம்பு பட்டு மாண்டான். எய்தவனென்று சரித்திரம் சுட்டுகிற வால்ட்டர் டைரல், வில்வித்தையில் பெயர்போனவன். அது விபத்தா சதியா என்று இன்றுவரை சரித்திரக்காரர்கள் வாதாடுவதற்கு ஒரு காரணமே, அவ்வளவு தேர்ந்தவன் எப்படித் தவறியிருப்பான் என்ற சந்தேகந்தான். தேர்ந்தவன் தவறமாட்டான் என்ற நம்பிக்கை அவ்வளவு பழையது.

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் ராஜ்யத்தில் 1988இல், தன் வீட்டுக்குப் பின்புறம் நின்ற ஓர் இளந்தாயை, அவள் கையுறையின் வெண்மையை மானின் வாலென்று கருதி ஒருவர் சுட்டுவிட்டார். அவரும் காட்டுக்குப் புதியவரல்லர். வழக்கில் ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். பலருடைய மனம் அதை ஒப்பவில்லை. சுடுமுன் இலக்கு இன்னதென்று ஐயத்துக்கிடமின்றித் தெரிந்துகொள்வது வேட்டைக்காரன் கடமை என்ற சட்டம் அந்த ராஜ்யத்தில் பிறகு வந்தது. தசரதன் தெரிந்துகொள்ளாமல் விட்டதும் அதுவேயன்றோ?

எல்லோரும் அறிந்த உதாரணம் இன்னொன்று. 2006 பிப்ரவரி 11ஆம் தேதி சாயங்காலம், டெக்ஸாஸின் தென்பகுதியிலுள்ள ஆர்ம்ஸ்ட்ராங் பண்ணையில், அமெரிக்காவின் துணை ஜனாதிபதி டிக் சேனி காடை வேட்டையாடிக்கொண்டிருந்தார். கூட வந்தவர்களில் எழுபத்தெட்டு வயது வக்கீலான ஹாரி விட்டிங்டன், தாம் வீழ்த்திய பறவையைத் தேடப் பின்தங்கி, பிறகு மற்றவர்களை நோக்கித் திரும்பி வந்தார். பறந்தெழுந்த காடை ஒன்றைத் தொடர்ந்து சேனி குழலை வளைத்துத் திருப்பிச் சுட, ரவைகள் விட்டிங்டனுடைய முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பாய்ந்தன. சூரியன் தாழ்ந்து எதிரே கண்ணைக் கூசவைத்தது என்றார்கள். வந்தவர் குரல் கொடுக்கவில்லை என்றார்கள். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சிறுவர்களுக்குப் படம் போட்டுக் காட்டும் ஆரம்பப் பாடங்களில் ஒன்று, வரிசையாக நடப்பவர்களில் ஒவ்வொருவருக்கும் தமக்கு நேர்முன்னே சுமார் 45 பாகை அளவுள்ள வெளி மட்டுமே உரியது, பறவை அந்த எல்லையைத் தாண்டினால் துப்பாக்கி அதைத் தொடரக்கூடாது என்பது. சேனி பிறந்தது 1941, விட்டிங்டன் பிறந்தது 1927. டெக்ஸாஸ் சட்டப்படி, சுட்டவர், சுடப்பட்டவர் இருவருமே பயிற்சியிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். அதிகாரிகள் விசாரித்தபோது துணை ஜனாதிபதியிடம் கண்ட சட்டக்குறை, காடை வேட்டைக்கு வாங்க வேண்டிய 7 டாலர் முத்திரையை அவர் வாங்கவில்லை என்பதே. அதற்காக ஓர் எச்சரிக்கைச் சீட்டுக் கொடுத்தார்கள்.

வகுப்புக்குப் போயிருந்தால் அந்தக் குண்டு வெடித்திராது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. பரீட்சையில் தேறியவர்களும் சுட்டுவிடுகிறார்கள். இதையே எதிர்த்தரப்பார் தங்கள் பலமான வாதமாகக் கொள்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஒருமுறை பன்னிரண்டு வயதில் கேட்ட பாடம் அறுபது வயதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஆனால் இந்த வாதம் கிழவர்களைப் பாடத்திலிருந்து விடுவிப்பதற்கு மாறாக, இளமையில் படித்தவர்களையும் மறுபடி கூப்பிட வேண்டும் என்ற முடிவில்தான் கொண்டுபோய் விடுகிறது.

ஐரோப்பாவில் சில தேசங்கள் அந்த முடிவுக்கே வந்திருக்கின்றன. ஜெர்மனியில் 1934ஆம் வருஷத்து வேட்டைச் சட்டம் தேசம் முழுவதற்கும் பரீட்சையைக் கட்டாயமாக்கியது. விலங்கியல், ஆயுதம், சட்டம், நாய் வளர்ப்பு, இறைச்சிச் சுத்தம் என்று விரியும் அந்தப் பரீட்சையை, பல்கலைக்கழக நுழைவுக்குரிய அபிட்டூர் தேர்வோடு ஒப்பிட்டு, ‘பசுமை அபிட்டூர்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அத்தனை கடினமான பரீட்சையும் ஒருமுறை தேறினால் போதும் என்பதோடு நின்றுவிட்டது. நார்வேக்காரர்களோ, பெரிய மிருகங்களை வேட்டையாடுகிறவர் எத்தனை முதியவராயிருந்தாலும் வருஷந்தோறும் சுடுகளத்துக்கு வர வேண்டும் என்கிறார்கள்: 30 பயிற்சிக் குண்டுகள், பிறகு 100 மீட்டர் தொலைவிலுள்ள மான் உருவத்தின்மேல் 5 குண்டுகள், ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். பின்லாந்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இவ்வாறு நடக்கிறது. பிரான்ஸில் 1844ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பரீட்சையில்லாமலே அனுமதி கொடுத்துவந்து, 1970களின் நடுவில்தான் பரீட்சையை ஏற்படுத்தினார்கள். முன்பே அனுமதி வைத்திருந்தவர்களை வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். ஆனால் 2019 ஜூலை 24ஆம் தேதிச் சட்டம், வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு விதிகளைத் திரும்பக் கற்க வேண்டும் என்று சொல்லி, ஒரு தலைமுறைக்கு மேல் நிலைத்திருந்த அந்தச் சலுகையை முடித்துவிட்டது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக்கே கதவடைத்துவிட்ட நாட்டிலிருந்துகொண்டு இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நமக்கென்ன பாத்தியதை என்று கேட்கலாம். கேட்பது நியாயமே, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அறுபது வயது மனிதரைக் குழந்தைகளோடு உட்காரவைத்து, மானுக்கும் எல்க்குக்கும் கொம்பில் என்ன வித்தியாசம் என்று கேட்பது அவருடைய காலத்தையும் ஆசிரியருடைய காலத்தையும் வீணாக்குவது. கொலராடோவிலேயே ஐம்பது வயது கடந்த உள்ளூர்வாசிகள் வகுப்பில் உட்காராமல் நேரே பரீட்சை எழுதித் தேற இடங்கொடுத்திருக்கிறார்கள். அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் குழல்வாய் எங்கே நோக்குகிறது, இலக்கு இன்னதென்று தெரிந்ததா, இலக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது, சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கிறதா என்ற நான்கு கேள்விகள் எந்தப் பிராயத்திலும் பழையனவாகிவிடுவதில்லை. வயது ஏற ஏறக் கண்ணும் செவியும் தளர்கின்றன. தன்னம்பிக்கை மட்டும் தளருவதில்லை. எனவே அனுபவசாலிக்கு முழுப்பாடம் வேண்டாம். நார்வேக்காரர்களைப் போல் சோதனை வேண்டும், அது திரும்பத் திரும்ப வேண்டும். பிறந்த தேதி அதற்கு விலக்காக முடியாது.

விட்டிங்டன் 2023 பிப்ரவரியில், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். டெக்ஸாஸ் சட்டத்தில் அந்தத் தேதி மாறவில்லை. 1971 செப்டம்பர் 2தான்.